புழுதி விதைப்பில் குதிரைவாலியும் கோரையும்: மருந்துக் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“எனக்குப் பன்னிரண்டு மா, அதாவது 4 ஏக்கர். கடைமடை என்பதால் தண்ணீரை நம்பி நாற்று விட முடிவதில்லை. சில வருடங்களாக ஆவணியில் காய்ந்த புழுதியில் சிஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகத்தை நேரடியாக விதைக்கிறேன். சென்ற சம்பாவில் விதைத்த மறுநாளே பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை மணலில் கலந்து வீசினேன். மழை பத்து நாள் கழித்துத்தான் வந்தது. நெல்லைப்போலவே தெரியும் குதிரைவாலிப் புல் நெல்லோடு சேர்ந்து முளைத்துவிட்டது. 35ஆம் நாள் பிஸ்பைரிபேக் அடித்தேன், மஞ்சளாகி மறுபடி துளிர்த்தது. அப்புறம் கடையில் சொன்னபடி சைஹாலோபாப்புடன் 2,4-டி கலந்து அடித்தேன். கோரை கருகியது, புல் அப்படியே நின்றது. இரண்டு தடவை ஆள் விட்டுக் களை எடுத்தேன். மகசூல் பாதிதான். இப்போது உளுந்து நிற்கிறது. அடுத்த சம்பாவுக்கு மருந்தை இரட்டை அளவு அடிக்கலாமா? கோடை உழவால் உண்மையிலேயே களை குறையுமா? தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை நெல்லோடு கலந்து விதைத்தால் களை அடங்கும் என்கிறார்களே, செய்யலாமா? மருந்து தாங்கும் நெல் விதை என்று ஒன்று வந்திருக்கிறதாமே?”

வணக்கம். இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. எந்த நாள் என்ன செய்தீர்கள் என்று சொன்னதால்தான் எங்கே தவறியது என்று என்னால் சொல்ல முடிகிறது. முதலில் இரட்டை அளவு பற்றி: வேண்டாம். நீங்கள் வாங்கிய நான்கு மருந்துமே வேலை செய்யக்கூடியவைதான். நான்கும் தவறான நேரத்தில் அல்லது தவறான துணையோடு போயிருக்கின்றன. அளவைக் கூட்டினால் நெல்தான் மஞ்சளாகும்.

பெண்டிமெத்தலினில் இருந்து தொடங்குகிறேன். அது முளைத்த களையைக் கொல்லும் மருந்து இல்லை. மண்ணின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகத் தங்கி, அந்தப் படலத்தைத் துளைத்து வரும் இளம் முளையின் வளர்ச்சியை நிறுத்தும். அந்தப் படலம் உண்டாக மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த புழுதியில் விழுந்தால் வெயிலில் ஆவியாகியும் சிதைந்தும் போகும். பத்து நாள் ஆவணி வெயிலில் கிடந்த மருந்தில் மழை வரும்போது என்ன மீதி இருந்திருக்கும்? மணலில் கலந்து வீசியது இரண்டாவது கோளாறு. சேற்று வயலில் மெல்லிய நீர் நிற்கும்போது சில மருந்துகளை மணலில் கலந்து போடுவது உண்டு, நீரே அதைப் பரப்பிவிடும். கட்டி கட்டியாகக் கிடக்கும் காய்ந்த களிமண்ணில் மணல் விழுந்த இடத்தில் மட்டும்தான் மருந்து இருக்கும்.

அடுத்த முறை மழைக்காகக் காத்திருங்கள். நன்றாக நனைக்கும் முதல் மழை பெய்து, வயலில் கால் வைக்க முடிகிற பதம் வந்ததும், மழையிலிருந்து 3 முதல் 5 நாளுக்குள், நெல் வெளியே தலைகாட்டும் முன் தெளியுங்கள். 30 ஈசி, அதாவது 30 சத மருந்துள்ளது என்றால் ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில். கைத்தெளிப்பானில் விசிறி நாசில் போட்டு, ஈர மண்ணின் மேல் ஒரே சீராக அடிக்க வேண்டும். 200 லிட்டரா என்று மலைக்காதீர்கள், முளைக்கும் முன் அடிக்கிற மருந்துக்குத் தண்ணீர்தான் கை கால். உங்கள் நடைக்கு எவ்வளவு போகிறது என்று தெரிய, 5 சென்ட்டை அளந்து வெறும் தண்ணீரை அடித்துப் பாருங்கள். 10 லிட்டர் தீர்ந்தால் கணக்கு சரி. ஒன்று கவனம்: இந்த மருந்து நெல்லுக்கும் களைக்கும் பெரிய வேறுபாடு பார்க்காது. நெல் தப்பிப்பது விதை மண்ணுக்குள் இருப்பதால்தான். விதை 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடியிருக்க வேண்டும். மேலே தெரிகிற விதை அடிபடும். தெளித்தபின் தண்ணீர் தேங்கினாலும் முளைப்பு கெடும், அதனால் வடிகால் வாய்க்காலை விதைக்கும்போதே இழுத்து வையுங்கள்.

அடுத்தது பிஸ்பைரிபேக். 35ஆம் நாள் குதிரைவாலி தூர் கட்டிவிட்டிருக்கும். இந்த மருந்துக்கு அது 2 முதல் 4 இலை வரை இருக்கும்போதுதான் அடங்கும். புழுதி விதைப்பில் நாளை விதைத்த தேதியிலிருந்து எண்ணாமல், முளைக்க வைத்த மழையிலிருந்து எண்ணுங்கள். அப்படி எண்ணி 15 முதல் 20 நாளுக்குள் 10 எஸ்சி (10 சத) மருந்து ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி போதும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் களையின் இலையை மூடக் கூடாது. ஈரமில்லாமல் வாடிக் கிடக்கும் களை மருந்தை உள்ளே இழுக்காது. தெளித்து இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கட்ட முடிந்தால், ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். மருந்தில் பாதி உயிரோடு தப்பியதைத் தண்ணீர் அடக்கும். கடைமடையில் இது கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று தெரிந்த வாரத்தைப் பார்த்துத் தெளிப்பை ஓரிரு நாள் முன்பின் தள்ளுவதாவது முடியும்.

மூன்றாவது, கடையில் சொன்ன கலவை. இதைப் படிக்கும்போது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இந்த ஆலோசனை ஊர் ஊராகக் கொடுக்கப்படுகிறது. சைஹாலோபாப், பினாக்சாபிராப் போன்ற புல் மருந்துகளோடு, அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கிற 2,4-டியைக் கலந்தால் புல் மருந்தின் வேகம் குறைந்துவிடும். கோரை கருகி புல் நின்றது என்று எழுதினீர்களே, அது இந்தக் கலவையின் கையெழுத்து. மெட்சல்பியூரான், குளோரிமியூரான் சேர்ந்த பொட்டலத்தையும் அவற்றோடு கலக்கக் கூடாது. இரண்டும் தேவை என்றால் புல் மருந்தை முதலில் அடித்து, ஒரு வாரம் கழித்து மற்றதை அடியுங்கள். வேறு வழியும் உண்டு: பெனாக்சுலமும் சைஹாலோபாப்பும் கம்பெனியிலேயே சேர்த்து வருகிற மருந்து. அது சோதித்துச் சேர்த்தது, ஏக்கருக்கு 900 மில்லி. குதிரைவாலி, கோரை இனங்கள், அகன்ற இலைக் களை மூன்றையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

எந்த மருந்து என்று முடிவு செய்வதற்கு முன்னால் என்ன களை என்று தெரிய வேண்டும். கடைசியில் சாகாமல் நின்றதை நீங்கள் வெறும் “புல்” என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரைவாலியை இளசிலேயே நெல்லிலிருந்து பிரிக்க ஒரு வழி: இலையும் தண்டை மூடிய உறையும் சேரும் இடத்தை விலக்கிப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக ஒரு சவ்வும் இரண்டு பக்கமும் முடியோடு சிறு காதும் இருக்கும். குதிரைவாலியில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். இரண்டு இலைப் பருவத்திலேயே இது தெரியாது, மூன்று நான்கு இலை வந்ததும் தெரியும். ஆள் விட்டுக் களை எடுக்கும்போது வருகிற பெண்களுக்கு இதைக் காட்டிவிட்டால் நெல்லைப் பிடுங்குவது குறையும். அவர்களில் பலருக்கு உங்களையும் என்னையும் விட இது நன்றாகத் தெரியும் என்பதும் உண்மை.

உங்கள் வயலில் நூல் நூலான கிளைகளோடு செம்பழுப்பாகப் பூங்கொத்து விடுகிற மெல்லிய புல் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். லெப்டோகுளோவா என்கிற அந்தப் புல் நேரடி விதைப்பு வயல்களில் கூடிக்கொண்டே வருகிறது. பிஸ்பைரிபேக் அதைத் தொடாது. வருடா வருடம் பிஸ்பைரிபேக் மட்டும் அடித்தால் குதிரைவாலி குறைந்த இடத்தில் இது வந்து உட்காரும். இதற்குச் சைஹாலோபாப் அல்லது பினாக்சாபிராப் வேண்டும். சந்தேகமாக இருந்தால் பூவோடு ஒரு செடியைப் பிடுங்கி நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி கோடை உழவு. உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி. சென்ற சம்பாவில் நின்ற ஒவ்வொரு குதிரைவாலியும் ஆயிரக்கணக்கில் விதையை உங்கள் மண்ணில் கொட்டியிருக்கிறது. சிஆர் 1009 சப் 1 ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர், குதிரைவாலி அதற்கு வெகுமுன்பே முற்றி உதிர்ந்துவிடும். அந்த விதை எல்லாம் இப்போது உளுந்துக்குக் கீழே, மேல் மண்ணில் கிடக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு எந்த மருந்தை வாங்கினாலும் சென்ற வருடக் கதைதான்.

உளுந்து எடுத்ததும் சித்திரையில் ஒரு மழை கிடைத்தால், பதம் பார்த்து ஐந்து கொத்துக் கலப்பையாலோ சட்டிக் கலப்பையாலோ ஒரு ஆழ உழவு போடுங்கள். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை. இதில் இரண்டு வேலை நடக்கிறது. கோரைக் கிழங்கு மேலே வந்து வெயிலில் வற்றிச் சாகும். கோரைக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை, பெண்டிமெத்தலின் கிழங்கைத் தொடவே தொடாது. கட்டியைப் பெரிதாகவே விட்டு வையுங்கள், உடனே உடைத்தால் கிழங்கு மறுபடி மண்ணுக்குள் பதுங்கிவிடும். ஈர மண்ணில் கோரை மேல் ரோட்டவேட்டரை ஓட்டுவதைத் தயவுசெய்து தவிருங்கள். கிழங்குக் கோவையை வெட்டி வயல் முழுக்க நட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். இரண்டாவது, மேல் மண்ணில் கிடந்த புல் விதை ஆழத்துக்குப் போகும். இந்தச் சின்ன விதைகள் பெரும்பாலும் மேல் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் முளைத்து வெளியே வர முடியும்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. புதைத்த விதை எல்லாம் செத்துவிடாது, சில வருடம் உயிரோடு கிடக்கும். அடுத்த கோடையிலும் அதே ஆழம் உழுதால் அதை நீங்களே மேலே கொண்டுவருவீர்கள். அதனால் இந்த வருடம் ஒரு முறை ஆழமாக உழுதுவிட்டு, அடுத்த இரண்டு மூன்று கோடைக்கு மேலாகவே கீறிவிடுங்கள், கோரை கூடினால் ஒழிய.

கோடை உழவுக்குப் பிறகு ஆடி, ஆவணி. வெப்பச்சலன மழை சாயங்காலத்தில் கொட்டிவிட்டுப் போகும் நாட்கள் இவை. பலர் முதல் மழை கிடைத்ததுமே விதைத்துவிடுகிறார்கள். நீங்கள் அந்த மழையை களைக்குக் கொடுங்கள். முன்கூட்டியே புழுதி ஓட்டி விதைப்புக்குத் தயார் நிலையில் வயலை வைத்திருந்தால், மழை பெய்து இரண்டு வாரத்தில் பச்சைப் பாய் விரித்ததுபோல் களை முளைக்கும். அதை ஒன்பது கொத்துக் கலப்பையால் மேலாக, இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல், வெயில் நாளில் உழுது காயவிடுங்கள். இன்னொரு மழை கிடைத்தால் இன்னொரு முறை. அதன்பிறகு விதையுங்கள். ஆழமாகப் போனால் புது விதையை மேலே கொண்டுவந்து செய்த வேலையைக் கெடுத்துக்கொள்வீர்கள். குதிரைவாலிக்கு மட்டுமில்லை, உதிர்ந்து முளைக்கும் காட்டு நெல்லுக்கும் இதுதான் வழி. காட்டு நெல்லை மட்டும் கொன்று பயிர் நெல்லை விடும் மருந்து சாதாரண ரகங்களில் கிடையாது.

இந்தக் கட்டத்தில் உழவுக்குப் பதில் கிளைபோசேட் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் அதற்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடங்களுக்கும்தான் பதிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தது. கலப்பை போதும்.

ஐப்பசியில் மழை வலுக்கும் முன் பயிர் நிலைக்க வேண்டும் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். நியாயமான கவலை. சிஆர் 1009 சப் 1 வளர்ந்த பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும், ஆனால் முளைக்கும் விதை தண்ணீருக்குள் தாங்காது. அதனால் காத்திருப்பதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி கடைசிக்குள் களை முளைக்கவைக்க மழை வரவில்லை என்றால் அந்த வருடம் இந்த வேலையை விட்டுவிட்டு விதையுங்கள். 4 ஏக்கரையும் ஒரே முறையில் கட்டிப்போட வேண்டியதில்லை, களை அதிகமான பள்ளக்கட்டை இரண்டு ஏக்கருக்கு மட்டும் காத்திருந்து பாருங்கள்.

விதைப்பை வரிசைக்கு மாற்றுங்கள். டிராக்டர் விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைக்கும், கைவீச்சை விட விதையும் குறைவு, ஆழமும் சீர். வரிசை இருந்தால் களைக்கருவி உள்ளே போகும். அதைவிட, வரிசைக்கு வெளியே நிற்பது எல்லாம் களை என்று கண்ணுக்கே தெரியும். விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதைத் தள்ளுங்கள். அறுவடை இயந்திரம் வெளியூரிலிருந்து வந்தால் உங்கள் வயலில் இறங்கும் முன் வரப்பிலேயே ஓடவிட்டுத் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பல வயல்களுக்குப் புதுக் களை வந்ததே இந்த வழியாகத்தான். ஆட்டுக் கிடை போடுகிறீர்கள் என்றால் கோடை உழவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். சாணத்தோடு வரும் விதையும் உழவோடு போகும்.

தக்கைப்பூண்டு பற்றிக் கேட்டீர்கள். நெல்லோடு ஏக்கருக்கு 8 கிலோ அளவில் விதைத்து, 25 முதல் 30 நாளில் 2,4-டி அடித்து அல்லது களைக்கருவியால் மடக்கி மண்ணோடு சேர்ப்பது நல்ல முறைதான். வேகமாக வளர்ந்து நிழல் கொடுத்து அகன்ற இலைக் களையை நன்றாக அடக்கும், தழைச்சத்தும் தரும். ஆனால் உங்கள் முதல் எதிரி குதிரைவாலி. தக்கைப்பூண்டு நிழலில் அது மெலியும், அழியாது. இரண்டாவது, உங்கள் ஊரில் 30ஆம் நாள் என்பது ஐப்பசி மழையோடு மோதும். மழை விடாமல் பெய்து 2,4-டி அடிக்க முடியாமல் போனால் தக்கைப்பூண்டு நெல்லை மீறி நிற்கும், அப்புறம் அதுவே களை. காற்றில் 2,4-டி பக்கத்து வெண்டை, கத்தரி, பருத்திக்குப் போனால் சண்டையும் வரும்.

அதனால் என் விருப்பம் வேறு. வைகாசி, ஆனியில் மழை கிடைத்து ஈரம் இருக்கும் பகுதியில் தக்கைப்பூண்டைத் தனிப்பயிராக ஏக்கருக்கு 20 கிலோ அடர்த்தியாக விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். அந்த நாட்களில் முளைத்த களை அதன் கீழே நெரிந்து, விதை விடும் முன் உழவில் போகும். களையை முளைக்கவைத்து அழிக்கும் வேலையும் பசுந்தாள் உரமும் ஒரே செலவில் முடிகிறது. நெல்லோடு கலந்து விதைக்கும் முறையை மேட்டுப்பக்கம் அரை ஏக்கரில் மட்டும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று: இப்போது நிற்கும் உளுந்தும் ஒரு மூடுபயிர்தான். அது சொட்டையில்லாமல் மூடிய இடத்தில் களை குறைந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். சொட்டை விழுந்த இடத்தில் நிற்கும் புல்லை விதை விடும் முன் இந்த வாரமே பிடுங்குங்கள்.

இதையெல்லாம் செய்தும் சில குதிரைவாலி தப்பி நெல்லுக்கு மேலே கதிர் நீட்டும். அப்போது பலர் “மகசூல் போனது போனதுதான்” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதிரை முற்றும் முன், கார்த்திகைக்குள் அரிவாளால் அறுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். இந்த வருட நெல்லுக்கு இதனால் பெரிய லாபமில்லை, அடுத்த வருடக் களைச் செலவுக்கு உண்டு. வாய்க்கால் பக்கமுள்ள ஓர் ஏக்கரை வருடம் மாற்றி வருடம் சேற்று உழவு செய்து நடவுக்கோ டிரம் சீடர் (உருளை விதைப்பான்) விதைப்புக்கோ திருப்ப முடிந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிற்கும் சேற்றில் கோரைக்கிழங்கு தாக்குப்பிடிக்காது.

மருந்து தாங்கும் நெல்: ஆம், இருக்கிறது. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் பூசா பாசுமதி 1979, 1985 என்ற ரகங்களை வெளியிட்டது. இமாசிதாபைர் என்ற களைக்கொல்லியை அடித்தாலும் அவை தாங்கும். வெளி மரபணு புகுத்தியவை அல்ல, ஒரு நெல்லில் தூண்டி உண்டாக்கிய மாற்றத்தை வழக்கமான ஒட்டுக் கலப்பால் சேர்த்த குணம். ஆனால் அவை பஞ்சாப், ஹரியானா பக்கத்துப் பாசுமதி. உங்கள் தாழ்வான சம்பா வயலுக்கு உரியவை அல்ல. சிஆர் 1009 மேல் இமாசிதாபைர் பட்டால் நெல்லே போகும், யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். காட்டு நெல் உள்ள வயலில் இந்தக் குணம் அதற்கும் தாவிவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு.

கடைசியாக ஒரு சோதனை. பிஸ்பைரிபேக், பெனாக்சுலம், பைரசோசல்பியூரான், மெட்சல்பியூரான் எல்லாம் வேறு வேறு பெயரில் வந்தாலும் செடிக்குள் ஒரே இடத்தில்தான் தாக்குகின்றன. இவற்றையே மாற்றி மாற்றி அடித்தால் மருந்தை மாற்றியதாக ஆகாது. நம் நாட்டு நெல் வயல்களில் பிஸ்பைரிபேக்குக்கு அசையாத குதிரைவாலி இனப் புல் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் வயலில் அப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, 35ஆம் நாள் அடித்ததே போதுமான காரணம். ஆனால் வரும் சம்பாவில் ஒரு மூலையில் 5 சென்ட்டைக் கயிறு கட்டி, 3 இலைப் பருவத்தில், ஈரத்தில், சரியான அளவில் பிஸ்பைரிபேக் மட்டும் அடியுங்கள். மூன்று வாரம் கழித்தும் செத்த செடிக்குப் பக்கத்திலேயே ஒன்றும் ஆகாத குதிரைவாலி நின்றால், அதன் கதிரை முற்றவிட்டுக் காகித உறையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.